பொறிப்பட்டறையும் துல்லிய அளவீடும் – ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நீராவியையும் நிலக்கரியையும் பருத்தி ஆலைகளையுமே முதன்மைப்படுத்தியுள்ளனர். இவை யாவும் உண்மையே. ஆயினும், நீராவி இயந்திரத்தின் உருளையைக் குடைந்தவர் யார், அதன் திருகுகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்தவர் யார், ஓர் ஊரிற் செய்யப்பட்ட உறுப்பு மற்றோர் ஊரிற் செய்யப்பட்ட உறுப்புடன் பொருந்துமென்ற நம்பிக்கை எங்ஙனம் உண்டாயிற்று என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. இவ்வினாக்களுக்கான விடை பொறிப்பட்டறையிலே, அளவுகோலுடனும் அரத்துடனும் நின்ற வினைஞரின் மேசையிலே கிடக்கின்றது. அவ்விடையைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துல்லியம் என்பது கருவியொன்றினுள் அடைத்து வைக்கப்பட்ட பண்பு எனப் பலர் கருதுவர். வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. துல்லியம் என்பது, ஒருவர் செய்த அளவை மற்றொருவர் ஐயமின்றி ஏற்றுக்கொள்வதற்கான ஓர் உடன்பாடு. அவ்வுடன்பாடு முதலிற் கையில் இருந்தது. பின்னர்க் கருவிக்கும், அதன் பின்னர் எண்ணுக்கும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் உற்பத்தி பெருகியது. அதேவேளை, தீர்ப்புக் கூறும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்ற பிணக்கும் உடன் வந்தது.

வானிலிருந்து பட்டறைக்கு

நுண்ணிய அளவீடு முதலில் வளர்ந்தது பட்டறையிலன்று, வானியலாளரின் தொலைநோக்கியிலேயாகும். பியேர் வேணியர் 1631ஆம் ஆண்டிலே தமது துணை அளவுகோலைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஆங்கில வானியலாளரான வில்லியம் காஸ்கொய்ன் 1630களின் இறுதியில், தொலைநோக்கியினுள்ளே நுண்ணிய திருகொன்றைப் பொருத்தி, விண்பொருள்களின் கோண அளவைத் திருகின் சுழற்சியால் அளந்தார். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகரும் தூரம் சிறியது. அச்சுற்றையோ பல கூறுகளாகப் பிரிக்கலாம். ஆகவே கண்ணாற் காணவியலாத சிறு தூரத்தைக் கையாற் சுழற்றும் பெரிய வட்டத்தில் விரித்துக் காண முடிகின்றது. இன்று பாடசாலை ஆய்வுகூடங்களில் மாணவர் கையாளும் நுண்மானித் திருகுக் கணிச்சியின் அடிப்படைத் தத்துவமும் இதுவே.

கடற்பயணத்தின் தேவை இத்தத்துவத்தை மேலும் வளர்த்தது. கப்பலின் இருப்பிடத்தை அறிவதற்கான கோணமானிகளின் வட்டங்களைக் கையாற் பிரிப்பது நீண்ட காலம் எடுக்கும் வேலையாகவிருந்தது. லண்டனைச் சேர்ந்த ஜெசி ராம்ஸ்டன் 1770களில் அமைத்த வட்டம் பிரிக்கும் பொறி இந்நிலையை மாற்றியது. அதன் சக்கரத்தின் விளிம்பில் 2160 பற்கள் இருந்தன. அவற்றோடு இணைந்த திருகை 6 முறை சுழற்றினால் சக்கரம் ஒரு பாகை நகரும். பிரித்தானிய நெடுங்கோட்டுச் சபை அவருக்குப் பணம் வழங்கி, பொறியின் அமைப்பை மற்றையோரும் அறியும்படி 1777இல் வெளியிடச் செய்தது. தனியொரு கைவினைஞரின் திறமை பலருக்கும் பொதுவாக்கப்பட்டமைக்கு இது சிறந்த சான்றாகும்.

உருளையும் பீரங்கியும்

ஜேம்ஸ் வாற் தமது தனி ஒடுக்கியுடைய நீராவி இயந்திரத்துக்கு 1769இல் உரிமைக்காப்புப் பெற்றார். எனினும் அது தொழிற்சாலைகளில் நிலைபெறுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. கருத்திற் குறையில்லை, உருளையிலேதான் குறையிருந்தது. பழைய நியூகொமன் இயந்திரத்தில் முசலத்தின் மேல் நீரைத் தேக்கி இடைவெளியை அடைத்துவிட முடிந்தது. வாற்றின் இயந்திரத்தில் உருளை எப்பொழுதும் சூடாகவே இருத்தல் வேண்டுமாதலின் அவ்வழி பயன்படவில்லை. துணி, கடதாசி, பழந்தொப்பி முதலியவற்றால் இடைவெளியை அடைக்க அவர் பட்டபாடு பெரிது.

இதற்குத் தீர்வு பீரங்கித் தொழிலிலிருந்து வந்தது. ஜோன் வில்கின்சன் என்ற இரும்புத் தொழிலதிபர் 1774இல் பீரங்கி குடையும் முறையொன்றிற்கு உரிமைக்காப்புப் பெற்றிருந்தார். அடுத்து அவர் அமைத்த உருளை குடையும் பொறியில், வெட்டும் கருவியைத் தாங்கிய தண்டு உருளையின் ஒரு முனையால் நுழைந்து மறுமுனையால் வெளிவந்து, இரு முனைகளிலும் தாங்கப்பட்டது. அதனால் தண்டு தொய்யவில்லை; துளையும் கோணவில்லை. வாற்றின் பங்காளரான மத்தியூ போல்டன் 1776இல் எழுதுகையில், 50 அங்குல விட்டமுள்ள உருளையொன்றில் எவ்விடத்திலும் பழைய சில்லிங் நாணயமொன்றின் தடிப்பளவு வழுவும் இல்லை என மகிழ்ந்து குறிப்பிட்டார்.

இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அன்றைய உலகின் சிறந்த பொறியியல் வேலையின் துல்லியம், நாணயமொன்றின் தடிப்பைக் கொண்டே கூறப்பட்டது. அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று பேசும் வழக்கம் பட்டறைக்கு இன்னும் வரவில்லை. அளப்பதற்கான மொழியே அப்பொழுது பிறந்திருக்கவில்லை எனலாம்.

மோட்ஸ்லியின் மேசை

அம்மொழியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் ஹென்றி மோட்ஸ்லி ஆவார். 1771இல் வுல்விச் நகரிற் பிறந்த இவர், பூட்டுச் செய்வதிற் புகழ்பெற்ற ஜோசப் பிராமாவிடம் வேலை செய்து, பின்னர் தனியே பட்டறை தொடங்கினார். 1800ஆம் ஆண்டளவில் இவர் அமைத்த திருகு வெட்டும் கடைசற் பொறியில், வெட்டும் கருவி வினைஞரின் கையிலிருந்து நீங்கி, வழிகாட்டித் திருகினால் நகர்த்தப்படும் தாங்கியொன்றில் இடம்பெற்றது. கை நடுங்கினாலும் கருவி நடுங்காது என்ற நிலை இதனால் உருவாயிற்று.

அவர் தமது மேசையில் வைத்திருந்த நுண்மானிக்குப் பட்டறையார் இட்ட பெயர் ‘லோட் சான்சலர்’ என்பதாகும். அது அக்காலத்தில் இங்கிலாந்தின் அதியுயர் நீதிபதியின் பதவிப் பெயராக இருந்தது. அதன் திருகில் அங்குலத்துக்கு 100 புரிகள். சுழல்வட்டத்தில் 100 பிரிவுகள். ஆகவே அங்குலத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்கை அதனால் வாசிக்க முடிந்தது. வினைஞர் இருவரிடையே அளவு பற்றி வழக்கெழுந்தால் இக்கருவியே தீர்ப்புக் கூறியது. விளையாட்டாக இடப்பட்ட அப்பெயரில் ஆழ்ந்த பொருளுண்டு. அதுவரை மூத்த வினைஞரின் கண்ணும் விரலும் நீதிபதிகளாக இருந்தன. இப்பொழுது நீதிபதியின் ஆசனம் மேசைமேல் உள்ள இரும்புக்கு மாறியது.

இம்மாற்றத்தின் சமூக விளைவு விரைவிலேயே தெரிந்தது. போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்திற் கப்பற் கப்பிகளைச் செய்வதற்காக மார்க் புருனல் வகுத்த 45 பொறிகளை மோட்ஸ்லி செய்தளித்தார். 1808ஆம் ஆண்டளவில் அங்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 130,000 கப்பிகள் செய்யப்பட்டன. முன்னர் 110 தேர்ந்த வினைஞர் செய்த வேலையைப் பயிற்சி குறைந்த 10 பேர் செய்தனர் எனக் கணக்கிடப்பட்டது. துல்லியம் பொறியினுள் இடம்பெற்ற அளவிற்குத் தேர்ச்சி வினைஞரிடம் தேவைப்படாதொழிந்தது. பொறிகளைச் செய்த மோட்ஸ்லியின் பட்டறையிலோ முன்னெப்போதிலும் உயர்ந்த தேர்ச்சி தேவையாயிற்று. ஓரிடத்தில் அழிந்த தேர்ச்சி மற்றோரிடத்திற் செறிந்து பிறந்தது என்பதே பொருத்தமான கூற்றாகும்.

மூன்று தட்டுகளின் பாடம்

மோட்ஸ்லியிடம் 1825 முதல் வேலை செய்தவர்களுள் ஒருவர் ஜோசப் விற்வேர்த். இவர் 1833இல் மன்செஸ்ரர் நகரில் தமது பட்டறையைத் தொடங்கினார். 1840இல் கிளாஸ்கோவில் நடைபெற்ற பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றக் கழகக் கூட்டத்தில், உண்மையான சமதளத்தை உண்டாக்கும் முறை பற்றி அவர் கட்டுரை படித்தார். அளவீட்டின் வரலாற்றில் இது மிக முக்கியமானதொரு நிகழ்ச்சி.

எல்லா அளவுகளும் ஒரு சமதளத்திலிருந்தே தொடங்குகின்றன. அச்சமதளம் சமமானதென எதனைக்கொண்டு அறிவது? வேறொரு சமதளத்தைக் கொண்டு எனில், அதனைச் சோதித்தது எது? விற்வேர்த்தின் முறை இச்சிக்கலை எளிதில் அவிழ்த்தது. இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருந்தும்வரை திருத்தினால் அவை சமமாக இருக்கவேண்டுமென்பதில்லை. ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் இருந்தாலும் பொருந்திவிடும். மூன்று தட்டுகளை எடுத்து, முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் முதலாவதும் பொருந்தும்வரை திருத்தினாலோ, மூன்றும் சமமாக இருந்தாலன்றி அது கைகூடாது. ஒரு தட்டில் நிறக்குழம்பைப் பூசி மற்றதன் மேல் வைத்துத் தேய்த்தால் உயர்ந்த இடங்களில் நிறம் ஒட்டும். அவ்விடங்களைக் கையாற் சுரண்டி நீக்கவேண்டும். இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்யச் செய்யத் தளம் செம்மையுறும்.

இம்முறையில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நியமம் எதுவுமில்லை. குறையுள்ள மூன்று பொருள்கள் ஒன்றையொன்று திருத்தி, எதனிலும் முன்பு இல்லாத செம்மையை அடைகின்றன. அதனை நிகழ்த்துவது பொறியன்று, பொறுமையுள்ள கை. பொறிகளின் துல்லியத்துக்கெல்லாம் மூலமான தளம் கையினாலே சுரண்டப்பட்டது என்பது நினைவிற் கொள்ளவேண்டிய செய்தியாகும். துல்லியமற்ற கருவிகளிலிருந்து துல்லியமான கருவி எங்ஙனம் பிறக்கும் என்ற வினாவுக்கு விடையும் இதுவே.

1841இல் விற்வேர்த் திருகுப் புரிகளுக்கு ஒரு பொது நியமத்தை முன்மொழிந்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு புரியளவை வைத்திருந்தது. பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, அவற்றின் சராசரியை எடுத்து, புரியின் கோணம் 55 பாகை என அவர் வகுத்தார். இந்நியமம் வானிலிருந்து இறங்கியதன்று, வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. பலரும் விட்டுக்கொடுக்கக்கூடிய இடத்தில் அது நின்றதனாலேயே வெற்றி பெற்றது.

1851இன் லண்டன் பெருங்கண்காட்சியில் அவரது அளவிடும் பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. அங்குலத்துக்கு 20 புரிகள் கொண்ட திருகு, 200 பற்கள் கொண்ட சக்கரம், 250 பிரிவுகள் கொண்ட சுழல்வட்டம் ஆகிய மூன்றும் இணைந்து அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் காட்டின. மோட்ஸ்லியின் மேசையிலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ அரை நூற்றாண்டில் அளவீடு நூறு மடங்கு நுண்மையுற்றது.

பெட்டியிலடங்கிய நியமம்

இவ்வளவு நுண்ணிய பொறியொன்றை ஒவ்வொரு தொழிலாளியின் மேசையிலும் வைக்க முடியாது. பிரான்சில் ஜோன் லோறன் பாமர் 1848இல் உரிமைக்காப்புப் பெற்ற கைநுண்மானி இக்குறையை ஓரளவு நீக்கியது. 1867இன் பாரிசுக் கண்காட்சியில் அதனைக் கண்ட ஜோசப் பிறவுன், லூசியன் ஷார்ப் என்னும் அமெரிக்கர் இருவர் தம் நாட்டில் அத்தகைய கருவிகளைச் செய்யத் தொடங்கினர். ஆயினும் அக்கருவி காட்டுவது சரியென்று சோதிப்பதற்குப் பட்டறையில் ஒரு நியமம் வேண்டியிருந்தது. அதனை அளித்தவர் சுவீடன் நாட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலையிற் பணிபுரிந்த கார்ல் எட்வார்ட் யோஹான்சன் என்பவராவார்.

எஸ்கில்ஸ்ருனா நகரிலிருந்த அத்தொழிற்சாலை மவுசர் வகைத் துப்பாக்கிகளைச் செய்ய முற்பட்டபோது, 1896இல் அவர் ஜேர்மனியின் ஓபேர்ண்டோர்வ் நகருக்குச் சென்றார். அங்கு ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே ஒரு கட்டையாக எண்ணற்ற அளவுக்கட்டைகள் இருக்கக் கண்டார். திரும்பி வருகையில், சில கட்டைகளை வேண்டியவாறு சேர்த்தே எல்லா அளவுகளையும் பெறலாமே என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அவரது தொகுதியில் 102 கட்டைகளே இருந்தன. 1.01 தொடக்கம் 1.49 மில்லிமீற்றர் வரை 49, 0.5 தொடக்கம் 24.5 வரை 49. 25, 50, 75, 100 என 4. 37.86 மில்லிமீற்றர் வேண்டுமெனில் 1.36, 11.5, 25 ஆகியவற்றைச் சேர்த்தாற் போதும். இவ்வாறு 20,000 அளவுகள் கிடைத்தன. கட்டைகளின் முகங்கள் மிகவும் சமமாகவும் வழவழப்பாகவும் இருந்தமையால், அழுத்தி வழுக்கிச் சேர்த்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. தொடக்கத்தில் அவர் தம் மனைவியின் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்தே வீட்டிற் கட்டைகளைத் தேய்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

இக்கட்டைகள் நாடுகளிடையேயும் உடன்பாட்டை உண்டாக்கின. அக்காலத்தில் பிரித்தானிய அங்குலம் 25.4 மில்லிமீற்றரிலும் சிறிது குறைவாகவும் அமெரிக்க அங்குலம் சிறிது கூடுதலாகவும் இருந்தன. யோஹான்சன் தம் கட்டைகளுக்கு 25.4 எனும் அளவையே கொண்டார். 1923இல் அவர் ஹென்றி போர்ட்டின் நிறுவனத்திற் சேர்ந்தார். 1930இல் பிரித்தானியத் தொழிற்றுறையும் 1933இல் அமெரிக்கத் தொழிற்றுறையும் இவ்வளவை ஏற்றன. 1959இல் ஆங்கிலம் பேசும் 6 நாடுகளின் உடன்படிக்கை அதனை உறுதிப்படுத்தியது. அரசுகள் கூடி முடிவுசெய்வதற்கு முன்னரே பட்டறைகள் கூடி முடிவுசெய்துவிட்டன.

வெப்பநிலை பற்றிய உடன்பாடும் இத்தகையதே. உருக்கு வெப்பத்தால் விரியும். 100 மில்லிமீற்றர் நீளமுள்ள உருக்குத் துண்டு 20 பாகை செல்சியசிலிருந்து 30 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 0.0115 மில்லிமீற்றர் நீளும். இது யோஹான்சனின் தொகுதியில் அடுத்தடுத்த இரு அளவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டிலும் பெரிது. ஆகவே எவ்வெப்பநிலையில் அளந்தது என்று கூறாத நீளம் பொருளற்ற நீளமாகும். 1931இல் 20 பாகை செல்சியஸ் பொது வெப்பநிலையாக ஏற்கப்பட்டது. எமது நாடு போன்ற வெப்ப நாடுகளின் பட்டறைகளிலே இவ்வுண்மை நாள்தோறும் நினைவிற் கொள்ளவேண்டியது.

பின்னர் நீளத்தின் மூலநியமமும் உலோகத்தைவிட்டு நீங்கிற்று. 1960இல் மீற்றர் கிரிப்தன் ஒளியின் அலைநீளத்தைக் கொண்டும், 1983இல் ஒளியின் வேகத்தைக் கொண்டும் வரையறுக்கப்பட்டது.

எண் ஆளும் பொறி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பொறிப்பட்டறையில் நிகழ்ந்த மாற்றம் மேற்கூறியவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகொப்ரர் இறக்கைகளைச் செய்துவந்த ஜோன் பார்சன்ஸ், அவற்றின் வளைவிலுள்ள புள்ளிகளைக் கணக்கிடும் இயந்திரத்தால் பெற்று, அவ்வெண்களைக் கொண்டே பொறியை நகர்த்தலாமெனக் கருதினார். 1949இல் அமெரிக்க விமானப் படையின் உதவி கிடைத்தது; மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் ஆய்வில் இணைந்தது. 1952இல் துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி தானே வெட்டும் பொறி அங்கு பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது.

இதற்கு மாற்றான வழியொன்றும் அக்காலத்தில் இருந்தது. தேர்ந்த வினைஞர் ஒருவர் முதலாவது உறுப்பைச் செய்யும்போது அவரது பொறியின் அசைவுகளைக் காந்த நாடாவிற் பதிவுசெய்து, அந்நாடாவைக் கொண்டு பொறியை மீண்டும் இயக்குவதே அவ்வழி. அமெரிக்க வரலாற்றாசிரியரான டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட நூலில், இவ்வழி கைவிடப்பட்டமைக்குத் தொழினுட்பக் காரணம் மட்டுமன்றி, வினைஞரின் கையிலிருந்த அதிகாரத்தை நிருவாகத்தின் அலுவலகத்துக்கு மாற்றும் விருப்பமும் காரணமாயிற்று என வாதிட்டார். விமான உறுப்புகளின் சிக்கலான வளைவுகளை எந்தக் கையாலும் முதலிற் செய்துகாட்ட இயலாது என்பதும் மறுக்கவியலாதது. எனவே நோபிளின் கூற்றை முழுவதும் ஏற்காதவர்களும் உளர். ஆயினும், மோட்ஸ்லியின் மேசையில் எழுந்த அதே பிணக்கு இங்கும் எழுந்தது என்பதில் ஐயமில்லை.

வெட்டுமுன் ஒத்திகை

எண்களால் இயங்கும் பொறிக்கு ஒரு பெருங்குறையுண்டு. வினைஞர் தவறு நேரப்போவதைக் கண்டு கையை நிறுத்துவார், நாடா நிறுத்தாது. புள்ளியொன்று தவறினால் கருவி உறுப்பையோ, அதனைப் பற்றியுள்ள பிடியையோ, பொறியின் மேசையையோ வெட்டிவிடும். எனவே புதிய கட்டளைத் தொகுதியை முதலில் வெறுமையில் ஓட்டிப் பார்ப்பதும், மெழுகிலோ மென்மையான பொருளிலோ வெட்டிப் பார்ப்பதும், கருவியின் பாதையைத் தாளில் வரைந்து நோக்குவதும் வழக்கமாயின. இதனையே நாம் ஒத்திகை என்கின்றோம்.

கணனி வளர்ந்தபோது இவ்வொத்திகை அதனுள்ளே புகுந்தது. திண்மப் பொருளைக் கணித வடிவில் அமைத்து, கருவி கடந்து சென்ற இடத்தை அதிலிருந்து கழித்துவிட்டால் எஞ்சுவதே செய்யப்படும் உறுப்பு. ரொசெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஹேபேட் வொல்கரும் அவருடன் பணியாற்றியோரும் 1970களில் திண்ம வடிவமைப்பை ஆராய்ந்தனர்; 1981 அளவில் கட்டளைகளைச் சரிபார்க்க அதனைப் பயன்படுத்தும் வழியையும் விளக்கினர். 1980களின் இறுதியில் இத்தகைய மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. இன்று சிக்கலான உறுப்பொன்றை வெட்டுமுன் திரையில் ஒத்திகை பார்ப்பது பல பட்டறைகளில் அன்றாட நடைமுறையாகும்.

ஆனால் ஒத்திகைக்குத் தெரிவது அதற்குச் சொல்லப்பட்டவை மாத்திரமே. தேய்ந்த வெட்டுமுனை, வெட்டுவிசையால் வளையும் மெல்லிய சுவர், காலையிற் குளிர்ந்தும் மாலையிற் சூடேறியும் இருக்கும் பொறி, வரைபடத்திற் சேர்க்க மறந்த ஒரு பிடி ஆகியவற்றை யாராவது சொல்லாவிடின் திரையில் எல்லாம் செம்மையாகவே தோன்றும். ஆகவே எண்ணின் உலகுக்கும் உலோகத்தின் உலகுக்கும் இடையே மீண்டும் அளவீடு தேவைப்பட்டது.

1950களில் ஸ்கொட்லாந்தின் பெராண்டி நிறுவனம் முதலியன உருவாக்கிய ஆள்கூற்று அளவீட்டுப் பொறிகள் இதற்கு ஒரு வழி. 1972இல் றோல்ஸ்-றோய்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த டேவிட் மக்மேர்ட்றி, கொன்கோட் விமான இயந்திரத்தின் மெல்லிய எரிபொருட் குழாய்களை அளக்கும் தேவையினால் தொடுமுனை ஒன்றை ஆக்கினார். பொருளை மெல்லத் தொட்டவுடனே சைகையனுப்பி, பின்வாங்கி, மீண்டும் முன்னைய நிலைக்கே வந்தமரும் இம்முனை, பின்னர் வெட்டும் பொறியிலேயே பொருத்தப்பட்டு, வெட்டிய உறுப்பை அப்பொறியே தொட்டுப் பார்க்கும் நிலை உருவாயிற்று. வினைஞரின் விரலிலிருந்து நீங்கிய தொடுகை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான சுற்றின்பின் பொறியின் விரலாகத் திரும்பி வந்தது எனலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? தீர்ப்புக் கூறும் பொறுப்பு கையிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து ஒத்திகைக்கும் நகர்ந்துள்ளது. ஆனால் அது மறைந்துவிடவில்லை. சமதளத்தை எது சோதித்தது, கட்டையை எவ்வெப்பநிலையில் அளந்தோம், ஒத்திகைக்கு எதனைச் சொல்ல மறந்தோம் என்று கேட்பவர் ஒருவர் எக்காலத்திலும் தேவைப்பட்டார். அவ்வாறு கேட்கும் அறிவும் உரிமையும் பொறியருகில் நிற்பவருக்கு இருக்குமா, தொலைவில் உள்ள அலுவலகத்துக்கு மட்டும் உரியதாகுமா என்பது தொழினுட்பத்தால் தீர்க்கப்படும் வினாவன்று; சமுதாயத்தால் தீர்க்கப்படுவது.

பொறிகளைப் பிறநாடுகளிலிருந்து வாங்கும் எம்போன்ற நாடுகளுக்கு இது வெறும் பழங்கதையன்று. பொறியை விலைகொடுத்து வாங்கலாம். அதனுடன் வரும் ஒத்திகை மென்பொருளையும் வாங்கலாம். தன் அளவைத் தானே ஐயுற்று, வேறொன்றுடன் ஒப்பிட்டு, மீண்டும் திருத்தும் பழக்கத்தை எவரும் பெட்டியில் இட்டு அனுப்புவதில்லை. மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்த வினைஞர்கள் அதனைத் தம் கைகளால் உண்டாக்கினர். எமது பட்டறைகளிலும் ஆய்வுகூடங்களிலும் அப்பழக்கத்தை வளர்ப்பது எம்மையே சார்ந்ததாகும்.